கசடு ஓடும் வகை



"கசடு" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு வள்ளுவர் நினைவு வரும். கல்வியிலே களைய வேண்டியது எது என்பதைச் சுட்ட அவர் எடுத்தாண்ட சொல் அது. நான் ஈண்டு எழுதப் புகுந்திருப்பது வேறொரு கசடு. நம் வீட்டுக் கழிவுநீர் தெளிந்த பின் அடியிலே தங்கி நிற்கும் கசடு. "தமிழ் மன்ற இதழிலே இதையா எழுதுவது?" என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஓர் உயிர் போவதும் நிற்பதும் இந்தக் கசடு ஓடுவதிலும் ஓடாததிலும் அடங்கியிருந்த நாள் ஒன்றை நான் நேரிலே கண்டவன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

என் ஊர் கேம்பல் பே. இந்திய நாட்டின் தென்கோடி எது என்று கேட்டால் கன்னியாகுமரி என்று பலரும் விடையிறுப்பர். அது பெருநிலத்தின் கோடி. நாட்டின் கோடியோ பெரிய நிக்கோபார்த் தீவிலே இருக்கிறது. அத்தீவின் கீழ்க்கரையில் அமைந்தது எங்கள் ஊர். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற தலைநகரிலிருந்து கடல் வழியே தெற்கில் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 1969ஆம் ஆண்டு தொடங்கி 1980 வரை, முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அரசினர் அங்கே குடியேற்றினர். பஞ்சாபியர், மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர் ஆகியோரோடு தமிழரும் சென்றனர். அப்படிச் சென்றவர்களுள் ஒருவர் என் தாத்தா.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் கரையோர வீடுகள் போயின. தீவே நாலடிக்கும் மேலாகத் தாழ்ந்தது. தென்முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி இன்றும் கடலிலே நிற்கிறது. பின்னர் மேட்டுப்பாங்கான இடத்திலே புது வீடுகள் எழுந்தன. புது வீடு என்றால் அதற்கொரு செப்டிக் டாங்கும் உண்டு. நகரத்துப் பாதாளச் சாக்கடை அங்கே ஏது? ஒவ்வொரு வீட்டின் கழிவும் அந்தந்த வீட்டுத் தொட்டியிலேதான்.

தொட்டியிலே நடந்தது

நான் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம், எங்கள் தீவிலே மழை சற்று ஓய்ந்திருக்கும் காலம். பல ஆண்டாகத் திறவாத எங்கள் தொட்டி நிரம்பிவிட்டது. உறிஞ்சு லாரி எங்களுக்குக் கிட்டவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றை இரவல் வாங்கி வந்து, தொட்டியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளிக் கொட்டகையிலே வைத்து, மூன்று அங்குலக் குழாயை நீட்டித் தொட்டிக்குள் விட்டோம்.

எஞ்சின் முழங்கியது. கறுத்த நீர் குபுகுபுவென வந்தது. "முடிந்தது வேலை!" என்று மகிழ்ந்தோம். கால் மணி நேரம் கழித்துப் பம்பு வெறுமனே இரைந்தது. குழாயிலே ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்து எட்ட நின்று பார்த்தால், மேலிருந்த நீர் மட்டுமே போயிருந்தது. அடியிலே களி போன்ற கசடு அப்படியே இருந்தது. குழாயின் வாய் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கிண்ணக் குழி. சுற்றியிருந்த கசடு சரிந்து வந்து அக்குழியை நிரப்பவே இல்லை.

வேலைக்கு வந்திருந்த ஆள், "ஐயா, ஒரு வாளியோடு நான் உள்ளே இறங்கிடறேன். அரை மணி நேர வேலைதானே?" என்றார். கூலிக்காக மட்டும் அன்று, எங்கள் மேலுள்ள பரிவினாலும் சொன்னார். சட்டையைக் கழற்றவும் தொடங்கிவிட்டார்.

தாத்தா தம் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். "வேண்டாம் தம்பி. பட்டாளத்திலே கிணற்றுக்குள் போனவனை எடுக்கப் போய் இன்னொருவனையும் இழந்ததைப் பார்த்தவன் நான். காசு போனால் போகட்டும். மனிதனை இறக்காமல் இது காலியாகும் வழி இருந்தால் காலியாகட்டும், இல்லையென்றால் இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அக்கம்பக்கத்திலே இருந்த வயதான எஞ்சின் மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வந்து நாலே நாலு காரியம் செய்தார். பம்பைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்திலே, காற்று வரும் திசையிலே வைத்தார். மூன்று அங்குலக் குழாயை எடுத்துவிட்டு நாலு அங்குலக் குழாயைப் பூட்டினார். முன்பு இறைத்துக் குழியிலே விட்டிருந்த நீரையே பம்பினால் திருப்பித் தொட்டியின் அடிக்குள் பீய்ச்சினார். நீண்ட மூங்கிலால் மேலே நின்றபடியே கலக்கச் சொன்னார். பிறகு குழாயை மாற்றிப் பூட்டி எஞ்சினை முடுக்கியதும், அதுவரை அசையாத கசடு கூழ் போல எழுந்து ஓடிற்று! தோப்பின் கோடியிலே, கிணற்றுக்கு வெகு தொலைவில் வெட்டிய பள்ளத்திலே விழுந்தது, மண்ணிட்டு மூடினோம்.

அன்று அது எனக்கு மந்திரம் போலத் தோன்றியது. இப்பல்கலைக்கழகத்திலே பொறியியல் படிக்க வந்து, பாய்மங்களின் பாடத்தைக் கேட்ட நாளிலேதான் அந்த மந்திரத்தின் பொருள் விளங்கிற்று. அப்பொருளையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தேன் வேறு, துவையல் வேறு

தண்ணீரையும் தேனையும் எடுத்துக்கொள்வோம். தேன் மெல்ல ஓடும். தண்ணீர் விரைந்து ஓடும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. தட்டைச் சிறிதளவு சாய்த்தாலும் இரண்டும் ஓடத்தான் செய்யும். தேன் நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. தள்ளும் விசைக்கு ஏற்ற வேகம் என்னும் இந்நேர் விதியை நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே கருதினார். ஆகவே இவற்றை நியூட்டன் வகைப் பாய்மங்கள் என்கிறோம்.

இனி அம்மா அரைத்த தேங்காய்த் துவையலைப் பாருங்கள். தட்டைச் சாய்த்தால் ஓடுகிறதா? இல்லை. குவித்த குவியல் குவியலாகவே நிற்கிறது. இன்னும் சாய்த்தால் ஒரு நிலையிலே திடீரென வழுக்கி இறங்குகிறது. அஃதாவது, ஒரு குறிப்பிட்ட விசை வரும் வரையில் அது திடப்பொருள் போல நிற்கும். அதைத் தாண்டினால் திரவம் போல ஓடும். அந்த எல்லை விசையை "இணங்கு தகைவு" என்று சொல்வோம். பற்பசையும் வெண்ணெயும் அரைத்த சந்தனமும் இந்த இனத்தவை. அமெரிக்க வேதியியலார் யூஜின் பிங்காம் 1916இல் இவ்வகை ஓட்டத்தை ஆராய்ந்து விதி வகுத்தார். ஆகவே இவற்றுக்குப் பிங்காம் பாய்மம் என்று பெயர் வந்தது. பொருள்கள் ஓடும் வகையை ஆராயும் இயலுக்கே "ரியாலஜி" என்று பெயரிட்டவரும் அவரே.

கழிவுநீர்க் கசடு இந்தத் துவையல் இனத்தது. ஏன்? அது வெறும் சேறு அன்று. கோடானுகோடி நுண்ணுயிர்கள், தாம் சுரக்கும் பசையினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நாரும் மயிரும் கொழுப்பும் இடையிட்டு, நீரைத் தம்முள் அடக்கி, ஒரு வலை போல நிற்கின்றன. அவ்வலை அறுபட வேண்டுமானால் ஓரளவு விசை வேண்டும். அதுவே இணங்கு தகைவு.

நூற்றுக்கு இரண்டு பங்கு திடப்பொருள் உள்ள கசடு ஏறக்குறைய நீரைப் போலவே ஓடும். நாலு பங்கு, ஐந்து பங்கு என்று ஏறும்போதுதான் அதன் சுபாவம் மாறுகிறது. திடப்பொருள் இரட்டித்தால் இணங்கு தகைவும் இரட்டிப்பதோடு நிற்பதில்லை; அது எட்டு மடங்கு, பத்து மடங்கு ஆனாலும் வியப்பில்லை.

இன்னொரு குணமும் உண்டு. கலக்கக் கலக்கக் கசடு இளகும். சும்மா விட்டால் மீண்டும் இறுகும். அறுந்த வலை தானே பின்னிக்கொள்கிறது. மேஸ்திரி பீய்ச்சியும் கலக்கியும் செய்தது இந்த வலையை அறுக்கும் வேலையே. நீர் கலந்ததால் திடப்பொருளின் பங்கும் குறைந்தது. கிண்ணக் குழி நிரம்பாததன் காரணமும் இப்போது வெளிப்படை. சரிந்து வரக் கசடின் சொந்த எடை போதவில்லை; இணங்கு தகைவு வென்றது.

கணக்கு என்ன சொல்கிறது?

குழாயிலே நிற்கும் கசடை அசைக்கத் தேவையான அழுத்தத்தைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. இணங்கு தகைவை நாலால் பெருக்கி, குழாயின் நீளத்தாலும் பெருக்கி, குழாயின் விட்டத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் தொட்டிக் கசடின் இணங்கு தகைவு 50 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் நீளம் 30 மீட்டர். மூன்று அங்குலம் என்பது 0.075 மீட்டர். நாலு, ஐம்பது, முப்பது ஆகியவற்றின் பெருக்கம் 6,000. அதை 0.075ஆல் வகுக்க, 80,000 பாஸ்கல். நீரின் உயரத்திலே சொன்னால் 8.2 மீட்டர். தொட்டியின் அடியிலிருந்து பம்பு வரை 2 மீட்டர் தூக்க வேண்டும் அன்றோ? மொத்தம் 10.2 மீட்டர்.

பம்பு "இழுக்கிறது" என்கிறோம். உண்மையில் எந்தப் பம்பும் திரவத்தை இழுப்பதில்லை. அது தன் வாயிலே வெற்றிடத்தை உண்டாக்குகிறது. வெளியிலுள்ள காற்று மண்டலம் தன் அழுத்தத்தால் திரவத்தை உள்ளே தள்ளுகிறது. காற்று மண்டலத்தின் முழு வலிமையும் கடல் மட்டத்திலே 10.3 மீட்டர் நீருக்குச் சமம். நடைமுறையிலே ஆறு ஏழு மீட்டர் கிடைத்தாலே நல்ல பம்பு. 10.2 மீட்டர் கேட்டால் எங்கே போவது? எவ்வளவு பெரிய எஞ்சினைக் கொண்டுவந்திருந்தாலும் அன்று அந்தக் கசடு அசைந்திராது.

மேஸ்திரி செய்ததைக் கணக்கிடுவோம். நீளம் 10 மீட்டர், விட்டம் 0.1 மீட்டர் என்று கொண்டால், அதே கசடுக்கு 20,000 பாஸ்கல். அஃதாவது 2 மீட்டர்தான். கலக்கியதால் தகைவு 20 பாஸ்கலாகக் குறைந்ததென்றால் ஒரு மீட்டருக்கும் குறைவு. தூக்கும் 2 மீட்டரைச் சேர்த்தாலும் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிட்டது. பம்புக்கு அப்பால் பள்ளம் வரை உள்ள தூரத்துக்குக் கசடைத் தள்ள எஞ்சினின் வலிமை இருக்கிறது. காற்று மண்டலத்தின் வரம்பு அங்கே இல்லை. "இழுப்பதைக் குறை, தள்ளுவதைக் கூட்டு" என்பதே கசடு இறைப்பதன் தாரக மந்திரம். கல்லூரி வாசலை மிதித்திராத அந்த மேஸ்திரிக்கு இது கை கண்ட உண்மை. எனக்கோ கணக்கினால் கண்ட உண்மை.

பெருநகரின் கசடு

ஒரு வீட்டுத் தொட்டிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மாநகரத்துக்கு? சென்னையிலே 1978இல் அமைந்த பெருநகர்க் குடிநீர் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறது. அங்கே கையாளும் முறை, நுண்ணுயிர்களுக்குக் காற்றூட்டி அழுக்கைத் தின்னச் செய்யும் முறை. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலே ஆர்டனும் லாக்கெட்டும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் என்பார் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

அழுக்கைத் தின்று பெருகிய நுண்ணுயிர்களே அங்கே கசடாகின்றன. முதலில் அது நூற்றுக்கு ஒரு பங்கே திடப்பொருள் உடையது. நூறு கன மீட்டர் அளவுள்ள இந்தக் கசடை நாலு பங்குத் திண்மைக்கு ஏற்றினால் இருபத்தைந்து கன மீட்டராகிவிடும். தொட்டி சிறிதாகும்; செலவு குறையும். ஆகவே கசடைத் திரட்ட வேண்டும் என்பார் ஒருவர். பம்பை நடத்துபவரோ, "ஐயா, இதற்கு மேல் திரட்டாதீர்கள். என் குழாய் அடைத்துக்கொள்ளும்" என்பார். இந்த இருவர் வழக்கிலே நடுநிலை காண்பதே கசடுப் பொறியியல் எனலாம். திரட்டிய கசடு மூடிய தொட்டிகளிலே செரித்து எரிவாயுவைத் தருகிறது. அவ்வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். கழிவு தன்னைத் தூய்மை செய்யும் செலவில் ஒரு பகுதியைத் தானே ஈட்டிக்கொள்கிறது!

இத்தகைய நிலையங்களில் பம்பு வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே அறை அமைத்துப் பம்பை வைப்பார்கள். கசடு தன் எடையாலேயே பம்பின் வாய்க்குள் வந்து விழும். குழாயின் விட்டம் பெரும்பாலும் ஆறு அங்குலத்துக்குக் குறையாது. வளைவுதோறும் கழுவுவதற்குத் திறப்பு வைப்பார்கள். வேலை முடிந்ததும் குழாயிலே நீரைச் செலுத்திக் கழுவிவிடுவார்கள். இரவு முழுதும் குழாயிலே கசடு நின்றால் வலை மீண்டும் பின்னிக்கொண்டு, காலையிலே கிளம்ப மறுக்கும் அன்றோ?

பம்பிலும் வகை உண்டு. நீர்த்த கசடுக்கு நாம் கிணற்றிலே காணும் சுழல் பம்பு போதும். திரண்ட கசடுக்கு அது உதவாது. எதிர்ப்பு மிகுந்தால் அது வெறுமனே சுழலும். அங்கே வேண்டியது திருகுப் பம்பு. பிரெஞ்சுப் பொறியாளர் ரெனே மொய்னோ 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே கண்டது. ரப்பர் உறைக்குள் முறுக்கிய எஃகுத் தண்டு ஒன்று சுழலும். இரண்டுக்கும் இடையே உண்டாகும் அறைகள், முறுக்கு நகர நகர முன்னோக்கிச் செல்லும். அறையிலே அகப்பட்ட கசடு வேறு வழியின்றி வெளியே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று அளந்து தள்ளும். ஆனால் இரண்டு எச்சரிக்கை: வெறுமனே ஓட்டினால் ரப்பர் கருகும், அடைத்த வால்வுக்கு எதிரே ஓட்டினால் குழாய் வெடிக்கும்.

நீரிலே பழகியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. நீர் பாயும் வேகத்தைப் பாதியாக்கினால் குழாயின் உராய்வு ஏறக்குறைய கால் பங்காகும். திரண்ட கசடிலே அப்படியன்று. வேகத்தைப் பாதியாக்கினாலும் இணங்கு தகைவு அப்படியே நிற்கும். எதிர்ப்புச் சிறிதளவே குறையும். "மெல்ல ஓட்டினால் எளிதாக ஓடும்" என்ற எண்ணம் இங்கே செல்லாது.

உயிர் எங்கே வருகிறது?

பம்பு தோற்ற இடத்திலேதான் மனிதனை இறக்குகிறார்கள். இதுவே நான் இக்கட்டுரையை எழுதியதன் காரணம்.

அசையாத கசடிலே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு அடங்கிக் கிடக்கிறது. கால் பட்டு வலை அறுந்ததும் அது குபீரென எழுகிறது. காற்றைவிடக் கனத்தது, குழிக்குள்ளேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலே ஆள் சாய்வார். அவரைத் தூக்கக் குதித்தவரும் சாய்வார். எங்கள் ஆள் சட்டையைக் கழற்றிய அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் என் உடல் நடுங்குகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறக்குவதைத் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆயினும் சாவுச் செய்திகள் நின்றபாடில்லை. அச்செய்திகளிலே நம் தமிழகத்தின் பெயர் அடிக்கடி அடிபடுவது நமக்குத் தலைகுனிவு. இறங்குபவர் பெரும்பாலும் சாதிப் படிக்கட்டின் அடியிலே நிறுத்தப்பட்டவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. சட்டம் "இறக்காதே" என்கிறது. "இறக்காமல் எப்படி?" என்ற கேள்விக்கு விடை தர வேண்டியவர்கள் யார்? பொறியியல் படிக்கும் நாமல்லவா?

விடை இல்லாமல் இல்லை. செங்கற்பட்டை அடுத்த கருங்குழியிலே 2017இல், மலத்தொட்டிக் கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. லாரிகள் உறிஞ்சி வரும் கசடு அங்கே மணற்படுகைகளிலே உலர்த்தப்படுகிறது. சிற்றூர்களுக்கும் இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் தொட்டி இறுகும் வரை காத்திராமல், மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும், கசடு இளகி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பழைய கசடு எடைக்குத் தானே அமுங்கித் திரண்டுவிடும். அப்போது எந்த லாரியும் கைவிரிக்கும். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் தொட்டியைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று இந்த விடுமுறையில் கேட்டு வாருங்கள்.

எங்கள் தீவுக்குப் பெருந்துறைமுகமும் புதிய நகரமும் அமைக்கும் திட்டம் ஒன்றுக்கு 2022 நவம்பரிலே சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அது தீவின் காட்டுக்கும் அதன் தொல்குடிகளுக்கும் நன்றா தீதா என்ற வாதம் பெரிது. அதை வேறொரு கட்டுரையிலே பேசுவோம். எங்கே மனிதர் கூடினாலும் அங்கே கசடும் கூடும் என்பது மட்டும் உறுதி. அதை யார், எதனால், எப்படி இறைப்பார்கள் என்பதை வீடு கட்டும் முன்பே எண்ண வேண்டும்.

தாத்தா இன்று இல்லை. அன்று குறுக்கே நீண்ட அவர் கைத்தடி என் மேசைக்கு மேலே சாய்ந்திருக்கிறது. அவருக்கு இணங்கு தகைவு தெரியாது. மனிதனை இறக்கக் கூடாது என்பது தெரியும். மேஸ்திரிக்கோ இறக்காமல் முடிக்கும் வகை தெரியும். அவ்விரண்டையும் ஒருங்கே கற்பதற்காகத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம் என்று நான் எண்ணுகிறேன்.